யார் கட்டின பாடி இது?

நேரா ஒரு கேள்விக்குப் போயிடலாம். 1930 வாக்குல மெட்ராஸ்ல ஒரு ஜமீன்தார் ரோல்ஸ் ராய்ஸ் வாங்குறார்னு வைங்க. அந்தக் காரை யார் செஞ்சாங்க?

'ரோல்ஸ் ராய்ஸ்தான்'னு சொன்னா பாதி மார்க்தான் தருவேன். இரண்டாம் உலகப்போருக்கு முன்னாடி அந்தக் கம்பெனி வித்தது சேஸ் மட்டும்தான். இரும்புச் சட்டம், இன்ஜின், சக்கரம், ஸ்டீயரிங், முன்னாடி ரேடியேட்டர், அவ்வளவுதான். கதவு, கூரை, சீட்டு எதுவும் கிடையாது. கம்பெனியே பாடியும் போட்டு வித்த முதல் ரோல்ஸ் ராய்ஸ், 1949-ல வந்த சில்வர் டான். அதுவரைக்கும் சேஸை ஒரு கோச் பில்டர்கிட்ட கொடுத்துத்தான் பாடி கட்டணும்.

கோச் பில்டர்னா, அடிப்படையில குதிரை வண்டி கட்டின ஆளுங்க. லண்டன்ல பார்க்கர், ஹூப்பர். கல்கத்தாவுல ஸ்டூவர்ட். நம்ம ஊர்ல சிம்ப்சன். செம்பியம் பக்கம் இருக்கறவங்களுக்கு அது டீசல் இன்ஜின் கம்பெனி. ஆனா அதோட கதை 1840-ல சேணம், குதிரை வண்டின்னு தொடங்குது. 1903-ல அங்க வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரையே செஞ்சு ஓட்டிட்டார். அப்புறம் மோட்டார் வண்டிகளுக்கும் அங்க பாடி கட்டினாங்க.

வெளிநாட்டு வண்டி எல்லாம் இங்க வந்தது கப்பல்ல. அதனால இந்தக் கதையில ராயபுரத்துக்குத் தெற்கே இருக்கற ஹார்பருக்கும் பங்கு உண்டு. 1904-லேர்ந்து 1919 வரைக்கும் துறைமுகத்தோட தலைவரா இருந்தவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். மெட்ராஸ்ல பதிவான முதல் கார், எம்.சி.1, அவரோடதுதான்.

சரி, இன்னைக்கு ஒரு பழைய கார் கிடைக்குது. பாடி யார் கட்டினதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல்ல சேஸ் நம்பர். ரோல்ஸ் ராய்ஸ்ல ஒவ்வொரு சேஸுக்கும் ஒரு அட்டை உண்டு. யார் வாங்கினது, எந்த கோச் பில்டருக்குப் போச்சுன்னு அதுல எழுதியிருப்பாங்க. ஆனா அந்த அட்டை சொல்றது முதல் பாடியைப் பத்தி மட்டும்தான். பத்து வருஷம் கழிச்சு ஓனர் அதைக் கழட்டிட்டு வேற பாடி போட்டிருக்கலாம். அதனால இந்த மாதிரி காருக்கு ரெண்டு பிறந்த நாள்: சேஸுக்கு ஒண்ணு, பாடிக்கு ஒண்ணு.

ரெண்டாவது, கதவைத் திறந்தா கால் வைக்கிற படியில ஒரு சின்னத் தகடு. கட்டினவங்க பேரு அதுல இருக்கும்.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: மரம். வெளியில அலுமினியமோ இரும்புத் தகடோ தெரிஞ்சாலும், உள்ளே எலும்புக்கூடு மரம்தான். இங்கிலாந்துல பெரும்பாலும் ஆஷ் மரம். நம்ம வெயிலுக்கும் மழைக்கும் கரையானுக்கும் அது தாங்காது. இங்க கட்டினவங்க தேக்குக்குப் போனாங்க. கதவோட உள்பக்கத் துணியை உரிச்சுப் பார்த்தா, அந்தக் கதவு எந்த ஊர்க்காரங்க கை பட்டதுன்னு ஓரளவு சொல்லிடலாம்.

பிரச்சினையும் அங்கதான் இருக்கு. ரீஸ்டோர் பண்றோம்னு பழைய கட்டையைத் தூக்கிப் போட்டுட்டு, லண்டன் பாடி மாதிரியே பளபளன்னு புதுசா கட்டிட்டா, கார் அழகாயிடும். சாட்சி போயிடும். அட்டையில ஓனர் பேரு இருக்கு, தகட்டுல கம்பெனி பேரு இருக்கு. தேக்கை இழைச்ச ஆசாரி, தகட்டைத் தட்டி வளைச்ச டிங்கர், கோட்டு கோட்டா பெயின்ட் அடிச்சவர், இவங்க பேரு ரெண்டுலயும் இல்ல. அவங்க விட்டுட்டுப் போன ஒரே கையெழுத்து அந்த வேலைதான். அதையும் குப்பையில போட்டுட்டா, அப்படி ஆளுங்க இருந்தாங்கன்னு சொல்லவே எதுவும் மிஞ்சாது.

இந்தத் தொழில் கார்ல ஏன் செத்துப்போச்சு? பாடியும் சட்டமும் ஒரே இரும்புக் கூடா பிரஸ்ல அடிச்சு வர ஆரம்பிச்சதும், தனியா சேஸ்னு ஒண்ணு இல்லாமப் போச்சு. மேல கட்ட இடமே இல்ல. பஸ், லாரியில சேஸ் தனியாவே இருந்துச்சு, தொழிலும் பிழைச்சுது.

எண்ணூருக்குப் போய்ப் பாருங்க. 1948-ல அசோக் மோட்டார்ஸா தொடங்கி, முதல்ல ஆஸ்டின் கார் பூட்டின கம்பெனி, 1955-ல அசோக் லேலண்ட் ஆச்சு. அந்தப் பக்கம் ரோட்டுல, பின்னாடி ஒண்ணுமே இல்லாத மொட்டை சேஸை வெயில்ல ஓட்டிட்டுப் போறவரைப் பார்த்திருப்பீங்க. அது கரூருக்குப் போய் பஸ் ஆகலாம், நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ போய் லாரி ஆகலாம். அந்தக் காலத்துல மகாராஜாவோட காருக்கு நடந்ததும் இதே வேலைதான்.

அடுத்த தடவை ஊருக்கு பஸ் ஏறும்போது, முன்னாடி இருக்கற கம்பெனி பேரோட நிறுத்திக்காதீங்க. பாடி கட்டினவங்க பேரு எங்க எழுதியிருக்குன்னு தேடுங்க, ஒரு போட்டோ எடுத்து வைங்க. அம்பது வருஷம் கழிச்சு யாராவது தேடும்போது, அந்தப் பேராவது கிடைக்கட்டும்.