யாரு வீட்டுப் பிள்ளை?

போன வருஷம் மே மாதக் கடைசி. கீழப்பாவூர் தங்கை மகளிடமிருந்து போன். ஐந்து வருஷ எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறாள். லீவில் பயிற்சிக்காக வேறு மாநிலத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிருந்தாள். போய்ச் சேர்ந்த சேதி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

''மாமா, என்னைய கேட்டுலயே நிப்பாட்டிட்டாவ. கடுதாசியக் காட்டு, ஆதார் அட்டையக் காட்டுன்னு அரைமணி நேரமா நிக்கேன். ஆனா என் போனு மட்டும் உள்ள போயிட்டு!''

''போன் உள்ளே போயிட்டா? பறிச்சுக்கிட்டாங்களா?''

''அய்ய... பறிக்கலை மாமா. நெட்டு கெடைச்சிட்டு. நான் ஒண்ணுமே பண்ணலை. இந்த ஊருக்கே இப்பத்தான் வாரேன். அதுக்கு எப்படி மாமா என்னையத் தெரியும்?''

நல்ல கேள்வி. ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பாலிருந்து வந்த பெண்ணை வாட்ச்மேன் நம்பவில்லை. ஆனால், அதே வளாகத்தின் வை-ஃபை, பைக்குள் கிடந்த பழைய ஆண்ட்ராய்டு போனை 'வாம்மா' என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டது. இந்த உபசாரத்துக்குப் பின்னால் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அது தொடங்குகிற இடம் பசிபிக் சமுத்திரத்துக்கு நடுவே. ஹவாய்.

1968-ல் நார்மன் ஆப்ராம்ஸன் என்கிற பேராசிரியர் ஹவாய் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கடலலையில் பலகை வைத்துச் சறுக்கி விளையாடுவதில் மனிதருக்கு அப்படியொரு மோகம். வேலையை ஒப்புக்கொண்டதற்கு அந்த அலையும் ஒரு காரணம்.

பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டர் ஓவாஹு தீவில் இருந்தது. அதன் கல்லூரிகளும் ஆராய்ச்சிக்கூடங்களும் வேறு தீவுகளிலும் சிதறிக் கிடந்தன. நடுவில் கடல். டெலிபோன் கம்பி வழியாக இணைக்கலாம் என்றால் கட்டணம் கண்ணைக் கட்டும். அதிலும் பாதி நேரம் கரகரப்பு. சரி, கம்பியே வேண்டாம், ரேடியோவில் பேசினால் என்ன?

யோசனை சுலபம். செய்வதில்தான் சிக்கல். ரேடியோ அலைவரிசை ஒன்று. பேச வேண்டிய இடங்களோ பல. யார் எப்போது பேசுவது?

விடிகாலையில் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறீர்களா? ஏலம் நடக்கும்போது ரெண்டு பேர் ஒரே நேரத்தில் விலை கேட்டால் ஏலம் விடுகிறவர் காதில் எதுவும் விழாது. என்ன செய்வார்கள்? சற்று நிறுத்துவார்கள். மறுபடி கேட்பார்கள். ஒருத்தர் சீக்கிரம் வாயைத் திறப்பார், மற்றவர் கொஞ்சம் தாமதமாக. வேலை முடிந்தது.

ஆப்ராம்ஸனும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார். எல்லோருக்கும் முறைவைத்து, 'இப்போது நீ, அடுத்து அவன்' என்று நேரம் ஒதுக்குவதுதான் அதுவரை இன்ஜினீயர்கள் அறிந்த நாகரிகம். அவர் அதைத் தூக்கிப் போட்டார். எப்போது தோன்றுகிறதோ அப்போது அனுப்பு. சேர்ந்துவிட்டது என்று பதில் வந்தால் சரி. வரவில்லையா, வேறு யாருடைய சேதியுடனோ மோதிவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் காத்திருந்து திரும்ப அனுப்பு. எவ்வளவு நேரம்? அது குத்துமதிப்பு. ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு நேரம். ஒரே நேரம் என்று வைத்தால் மறுபடியும் முட்டிக்கொள்ளுமே!

மேதைகள் உதட்டைப் பிதுக்கினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவிகிதம்தான் உருப்படியாகப் பயன்படும். மீதி, மோதலிலும் மௌனத்திலும் போய்விடும். போகட்டுமே என்றார் ஆப்ராம்ஸன். 1971 ஜூன் மாதம் அந்த ரேடியோ வலை வேலை செய்ய ஆரம்பித்தது. வேகம் விநாடிக்கு 9,600 பிட். இன்றைக்கு ஒரு 'குட்மார்னிங்' படம் அனுப்பினால் மத்தியானம் ஆகிவிடாது என்றாலும், காபி ஆறிவிடும்.

பெயர் அலோஹாநெட். 'அலோஹா' என்றால் அவர்கள் ஊரில் வணக்கம். வந்தாலும் அதுதான், போனாலும் அதுதான். சேதிகளை வாங்கிப் பிரித்துக் கொடுத்த நடுக் கருவிக்கு 'மெனெஹூனே' என்று பெயர். ஹவாய் நாட்டுக் கதைகளில் ராத்திரியோடு ராத்திரியாக வேலையை முடித்துவிட்டு மறைந்துவிடும் குட்டி மனிதர்கள். இன்று உங்கள் வீட்டுச் சுவரில் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு தொங்குகிறதே வை-ஃபை பெட்டி, அதன் கொள்ளுத்தாத்தா.

1972-ல் பாப் மெட்காஃப் என்கிற மாணவர் ஒரு நண்பர் வீட்டில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தார். கைக்குக் கிடைத்த புத்தகத்தைப் புரட்டினால் அதில் ஆப்ராம்ஸனின் கட்டுரை. விடிந்ததும் ஆசாமிக்கு அதே நினைப்பு. ஹவாய்க்கே போய்ப் பார்த்தார். கணக்கைத் திருத்தினார். 1973 மே மாதம் ஜெராக்ஸ் நிறுவனத்தில் அவர் எழுதிய குறிப்பிலிருந்துதான் ஈதர்நெட் பிறந்தது. முதலில் அதற்கும் 'அலோஹா' என்றுதான் பெயர் இருந்தது. பிற்பாடு வந்த வை-ஃபை, இந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை. தாத்தாவைவிடக் கொஞ்சம் மரியாதை தெரிந்த பிள்ளை. வேறு யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கும்.

ஆப்ராம்ஸன் 2020 டிசம்பர் 1-ம் தேதி காலமானார். உலகமே வீட்டுக்குள் வை-ஃபையைக் கட்டிக்கொண்டு கிடந்த கொரோனா வருஷம்!

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். 1993-ல் அலெக்ஸ் ஹில்ஸ் என்பவர் தலைமையில், வளாகத்தில் எங்கே உட்கார்ந்தாலும் கம்பியில்லாமல் கம்ப்யூட்டரை இணைக்கலாம் என்று ஒரு வேலையைத் தொடங்கினார்கள். பெயர் 'ஒயர்லெஸ் ஆண்ட்ரூ'. (கார்னகி, மெலன் இருவருக்குமே முதல் பெயர் ஆண்ட்ரூ. நம்மூரில் ஒரே வகுப்பில் நாலு சுடலைமுத்து இருப்பதுபோல.) வை-ஃபைக்கான பொது இலக்கணமே 1997-ல்தான் வந்தது. 1999 ஜூலையில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு லேப்டாப்பைப் பெரிய வளையத்துக்குள் நுழைத்து எடுத்து, 'பாருங்கள், ஒயரே இல்லை' என்று காட்டினார். அது ஹூலா வளையம். ஹூலா என்பது ஹவாய் நடனம்! தெரிந்து செய்தாரோ, தெரியாமல் செய்தாரோ.

நம் நாட்டுக் கதை வேறு. 1933-ம் வருஷத்து ஒயர்லெஸ் சட்டப்படி கம்பியில்லாக் கருவி எதை வைத்திருந்தாலும் லைசென்ஸ் வேண்டியிருந்தது. தபாலாபீஸுக்குப் போய் ரேடியோவுக்கு வருஷாவருஷம் பணம் கட்டியது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வை-ஃபை புழங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விதி போட்டது 2005 ஜனவரி 28-ல். அதற்கப்புறம்தான் நம் கல்லூரிகள் தாராளமாகப் பெட்டிகளை மாட்டின.

பெட்டி மாட்டியாயிற்று. யாரை உள்ளே விடுவது?

எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் அது முதல் நாளே டீக்கடைக்கு வந்துவிடும். போதாக்குறைக்கு, வை-ஃபையின் முதல் பூட்டு எத்தனை சொத்தை என்பதை 2001-லேயே ஃப்ளூரர், மான்ட்டின், ஷமீர் என்ற மூவர் நிரூபித்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் ஒட்டுக்கேட்டால் சாவியே கையில் வந்துவிடும்!

2008-ல் விபரீதம். ஜூலை 26, ஆமதாபாத் தொடர் குண்டுவெடிப்பு. அதையொட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சலைப் போலீஸ் துரத்திக்கொண்டு போனால், நவி மும்பையில் ஒரு வீட்டில் பூட்டாமல் கிடந்த வை-ஃபையில் போய் நின்றது. வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஆகஸ்டில் வந்த இன்னொரு மின்னஞ்சல் மும்பையின் ஒரு கல்லூரி வலையிலிருந்து. 2009 பிப்ரவரியில் டெலிகாம் துறை உத்தரவு போட்டது. யார் நுழைகிறார்கள் என்று தெரியாமல் வை-ஃபை கொடுக்கக் கூடாது. இன்று ரயில்வே ஸ்டேஷனில் ஓ.டி.பி. கேட்பதும், கல்லூரியில் ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் தருவதும் அந்த வழியில் வந்த பழக்கம்தான்.

சில கல்லூரிகள் இன்னும் ஒரு படி மேலே போய் ஆளோடு கருவியையும் பதிந்தன. ஒவ்வொரு போனுக்கும் 'மேக்' எண் என்று ஒரு மச்ச அடையாளம் உண்டு. அதை எழுதிக் கொடுக்க வேண்டும். தங்கை மகள் ஹாஸ்டலில் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்தாள். நாலு நாளாகியும் நெட் வரவில்லை. ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு அன்று ராத்திரியோடு கடைசித் தேதி. ரீசார்ஜ் தீர்ந்திருந்தது. அவள் அம்மா பீடி சுற்றுகிறவள். ஒரு ரீசார்ஜுக்கு ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் அடுத்தது வாரக் கூலி வந்தபிறகுதான். ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அறைத் தோழியின் போனைக் கடன் வாங்கி அனுப்பினாள். பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் அந்த வருஷம் படிப்பே சந்தேகம்.

தப்பு யாருடையது? அவள் சரியான எண்ணைத்தான் எழுதியிருந்தாள். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், யாரும் பின்தொடராமலிருக்க, போன்கள் ஒவ்வொரு வலைக்கும் ஒரு போலி மேக் எண்ணைக் காட்டுகின்றன. ஐபோன் 2020-லிருந்து. பதிவேட்டில் ஒரு முகம், வாசலில் வேறு முகம். யாரோ எவரோ என்று ஹாஸ்டல் வலை கதவைச் சாத்திவிட்டது. அந்த வலைக்கு மட்டும் நிஜ எண்ணைக் காட்டும்படி மாற்றினால் போதும். இதை ஒரு தாளில் அச்சடித்து ஹாஸ்டல் வாசலில் ஒட்டியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மாணவருக்கு நெட் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அரசாங்கத்துக்கே கொரோனா காலத்தில்தான் உறைத்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுமார் 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது.

சரி, அந்த ஆராய்ச்சி நிலையத்து கேட்டுக்கு வருவோம்.

கீழப்பாவூரில் நான் பஸ்ஸை விட்டு இறங்கினால், குளத்தங்கரைப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெரியவர் என் பெயரைக் கேட்கமாட்டார். ''யாரு வீட்டுப் பிள்ளை?'' என்பார். அப்பா பெயரைச் சொன்னதும் முகம் மலரும். என்னை அவருக்குத் தெரியாது. என் வீட்டைத் தெரியும். (அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கும். என்ன கேள்வி என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு என்ன பதில் வருகிறதோ, அதைப் பொறுத்துத் திண்ணையில் இடமும் மாறும்.)

2002-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த கிளாஸ் வீரெங்கா என்ற இன்ஜினீயருக்கு வந்த யோசனையும் இதுதான். ஊர் விட்டு ஊர் போகும் மாணவருக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஏன் தனித்தனியாகப் பெயர் பதிந்து பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும்? அவருடைய சொந்தக் கல்லூரியைக் கேட்டால் போயிற்று! நெதர்லாந்து, ஃபின்லாந்து, போர்ச்சுகல், குரோஷியா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் ஐந்து நிறுவனங்களோடு ஒத்திகை. அதுதான் 'எடுரோம்'. இன்று நூறு நாடுகளுக்கு மேல். இலங்கையில் 'லேர்ன்' என்ற கல்வி வலையமைப்பு நடத்துகிறது. இந்தியாவில் 'எர்நெட்'. 1986-ல் சென்னை ஐ.ஐ.டி. உள்பட எட்டு நிறுவனங்களை இணைக்கத் தொடங்கப்பட்டதே, அதே எர்நெட்.

நடப்பது இவ்வளவுதான். போன் தன் பெயரைச் சொல்கிறது. அது மின்னஞ்சல் முகவரி மாதிரி இருக்கும். போன இடத்து வலை, 'அட்' குறிக்குப் பின்னால் உள்ள கல்லூரிப் பெயரை மட்டும் பார்க்கிறது. 'ஓ, அந்த வீடா?' என்று கேள்வியை எர்நெட்டுக்குத் தள்ளுகிறது. அது சொந்தக் கல்லூரிக்குத் தள்ளுகிறது. பாஸ்வேர்டு, முத்திரையிட்ட உறைக்குள் வைத்த மாதிரி நேரே சொந்த வீட்டுக்குத்தான் போகும். வழியில் யாரும் பிரித்துப் பார்க்க முடியாது. 'ஆமாம், எங்க பிள்ளைதான்' என்று பதில் வந்ததும் கதவு திறக்கிறது. எல்லாம் ஓரிரு விநாடியில். குளத்தங்கரைப் பெரியவர் கேட்கும் அந்த இரண்டாவது கேள்வி இதில் கிடையாது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோதுதான் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

''ஏம்மா, மொதல்ல இந்த வலையைச் சேர்க்கும்போது 'சான்றிதழ்'னு ஒரு கட்டம் வந்திருக்குமே, அதுல என்ன போட்டே?''

''சரிபாக்க வேண்டாம்னு போட்டேன் மாமா. அக்காமாரு அப்படித்தான் சொன்னாவ.''

தலையில் கைவைத்துக்கொண்டேன். உறைக்கு முத்திரை உண்டு, சரி. வாங்குகிறவன் நம் வீட்டு ஆள்தானா என்று பார்க்க வேண்டாமா? எடுரோம் என்று பெயர் சூட்டி எவன் வேண்டுமானாலும் ஒரு பெட்டியை மாட்டலாம். சான்றிதழைப் பார்க்காத போன், நம் வீட்டு ஆள் என்று நம்பி, பாஸ்வேர்டு விஷயத்தை அவன் கையில் ஒப்படைத்துவிடும். அந்தப் பாஸ்வேர்டில்தான் அவளுடைய மெயில், மார்க், ஸ்காலர்ஷிப் எல்லாம் கிடக்கிறது. 2020 கடைசியிலிருந்து புது ஆண்ட்ராய்டுகளில் இந்த 'வேண்டாம்' வசதியையே எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவளுடையது அண்ணன் வைத்திருந்த பழைய போன்.

''மூணு வருஷமா அப்படியேதான் மாமா கெடக்கு'' என்றாள், குரல் இறங்கி.

சொந்தக் கல்லூரி கொடுத்த குறிப்பைத் தேடி எடுத்து, சான்றிதழையும் சர்வர் பெயரையும் சரியாகப் போட்டு, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டுக் கூப்பிடு என்றேன்.

ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாள். மாற்றிவிட்டாளாம், நெட் திரும்பக் கிடைத்துவிட்டதாம். கேட்டில் மட்டும் நாளைக்கும் கடிதத்தைக் காட்டணுமாம்.