ஊர்ப் பாடசாலைகள்: நேற்றைய அத்திவாரமும் நாளைய திட்டமும்

கோயிலில்லாத ஊர் குடியிருப்புக்கு ஆகாது என்று கருதியவர் நம் முன்னோர். அம்முன்னோரே, கடந்த ஒன்றேமுக்கால் நூற்றாண்டுக் காலத்தில், பாடசாலையில்லாத ஊரும் அத்தகையதே என்னும் முடிவுக்கு வந்தனர். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிற் புகுவோர் இன்றும் ஒரு கோயிலையும் அதற்கு அணித்தாய் ஒரு பாடசாலையையும் காணலாம். கோயில் பெரும்பாலும் பொலிவோடு விளங்குகின்றது. பாடசாலையோ, பல ஊர்களில், மாணவர் தொகை குறைந்து, 'இஃது இன்னும் எத்தனை ஆண்டுக்கு நடக்கும்?' என்று பெற்றார் வினவும் நிலையில் நிற்கின்றது. அவ்வினாவுக்கு விடை காணுமுன், இப்பாடசாலைகள் எவ்வாறு தோன்றின, எவர் கையில் இருந்தன, எவ்வாறு கைமாறின என்பவற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியையும், 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் நிறுவினர். ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் நம் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கச் செய்த அவர்தம் நன்மையை மறத்தல் நன்றன்று. அக்காலத்தில் நம்மவரிடம் இருந்தவை திண்ணைப் பள்ளிக்கூடங்களே. அவை ஓராசிரியரோடு தோன்றி, பெரும்பாலும் அவ்வாசிரியரோடே மறைந்தன. மிஷன் பாடசாலையோ ஆசிரியர் மாறினாலும் நிலைத்து நின்றது. ஏனெனில், அதன் பின்னால் ஒரு சபையும், ஓர் அச்சுக்கூடமும், ஆண்டுதோறும் வந்துசேரும் பொருளும் இருந்தன. இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர் நல்லூர் ஆறுமுகநாவலர்.

நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் பாதிரியாரின் கீழ் அங்கேயே கற்பித்தவர். 1848இல் அவ்வுத்தியோகத்தைத் துறந்து வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 25. வாலிபராகிய நம் அங்கத்தவர்கள் இதனைச் சிறிது சிந்தித்தல் வேண்டும். அடுத்த ஆண்டில் தமிழகம் சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சிட்டார். சைவ வினாவிடையையும் இயற்றினார். வேதனமின்றிப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தார். வீடுதோறும் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைப் பாடசாலைக்கென எடுத்துவைக்கும் வழக்கம் அந்நாளில் எழுந்தது என்பது யாழ்ப்பாணத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஆசிரியர், நூல், நிலையான வருவாய் என்னும் மூன்றையும் அவர் ஒருங்கே நாடினார். ஆதலால் 1879இல் அவர் மறைந்த பின்னரும் அவர் தொடங்கிய பணி மறையவில்லை.

அவர் இட்ட அத்திவாரத்தின்மேற் பின்வந்தோர் கட்டினர். 1888இல் சைவபரிபாலன சபை தோன்றியது. 1889இல் இந்துசாதனம் பத்திரிகை வெளிவந்தது. 1890இல் வண்ணார்பண்ணையில் இந்து உயர்தர பாடசாலை எழுந்தது. அதுவே இன்றைய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இற் பெண்களுக்கெனவும், 1921இல் ஆண்களுக்கெனவும் கல்லூரிகளை அமைத்தார். கிழக்கிலே சுவாமி விபுலாநந்தர் 1929இல் மட்டக்களப்புச் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கிவைத்தார்.

எனினும், ஊர்ப் பாடசாலைகளின் வரலாற்றிற் பெரிதும் நினைக்கப்படவேண்டியது 1923இல் நிறுவப்பெற்ற சைவ வித்தியா விருத்திச் சங்கமேயாம். 'இந்து போர்ட்' என மக்கள் வழங்கிய இச்சங்கமும், அதன் உயிர்நாடியாய் விளங்கிய சு. இராசரத்தினம் அவர்களும், பெரிய கல்லூரிகளை நாடாது, குக்கிராமங்களை நாடினர். ஏற்கெனவே ஒரு பாடசாலை உள்ள இடத்துக்கு அண்மையில் வேறொன்றுக்கு அரசினர் நன்கொடை கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது. ஊரார் காணி கொடுத்தனர், பனைமரமும் ஓலையும் கொடுத்தனர், கூலியின்றி உழைத்தனர். இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் அச்சங்கத்தின் பரிபாலனத்தில் வந்தன. ஆசிரியர் பஞ்சம் வருமென உணர்ந்து, திருநெல்வேலியில் ஆசிரிய கலாசாலையும் நடத்தினர். எதிர்காலத்துக்குத் திட்டமிடுதல் என்பது இதுவே.

இவ்வரலாற்றில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதனை மறைத்தல் அறமாகாது. நம் பாடசாலைகள் பலவற்றில் எல்லாப் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து கற்க இடம்பெறவில்லை. சாதியின் பேரால் வாசலிலே தடுக்கப்பட்டோரும், உள்ளே வந்தும் நிலத்தில் இருத்தப்பட்டோரும் இருந்தனர். 1920களின் இறுதியில், நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் கொடுத்தல் வேண்டுமென அரசினர் பணித்தபோது, அதனை எதிர்த்தவரும் நம்மிடையே இருந்தனர். ஊரார் பாடசாலை என்று நாம் பெருமை பேசும்போது, ஊரார் என்ற சொல்லுள் அன்று எவர் அடங்கினர், எவர் அடங்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைத்தல் வேண்டும்.

இக்குறையைப் போக்குதற்கு அரசின் கை வேண்டியதாயிற்று. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பின்னர், 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசின் வசமாக்கின. ஆசிரியர் வேதனத்துக்குப் பயமில்லாதாயிற்று. ஏழைப் பிள்ளைக்கும் வாயில் திறந்தது. இவை பெரும் நன்மைகள். ஆயினும், முகாமையோடு கவலையும் கைமாறிற்று. கூரை ஒழுகினால் 'அரசாங்கம் பார்க்கட்டும்' என்றும், ஆசிரியர் இல்லையெனில் 'கந்தோரிற் சொல்லுங்கள்' என்றும் சொல்லப் பழகினோம். பிடி அரிசி எடுத்துவைத்த கை ஓய்ந்தது.

அக்கை முற்றாக ஓய்ந்துவிடவில்லை என்பதற்குப் போர்க்காலம் சான்று. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் பெயர்ந்தபோது, பாடசாலைகளும் உடன்பெயர்ந்தன. பிறர் கட்டடத்தில் மாலை வேளையிலும், ஓலைக்கொட்டிலிலும், மரநிழலிலும் வகுப்புகள் நடந்தன. கட்டடம் இழந்தும் பாடசாலை இழக்கவில்லை.

இன்று வேறு வகையான சோதனை வந்துள்ளது. பிறப்புத் தொகை குறைகின்றது. குடும்பங்கள் நகரத்துக்கும் பிறநாடுகளுக்கும் செல்கின்றன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலிற் சித்தியெய்திய பிள்ளை நகரக் கல்லூரிக்குப் போகின்றது. அங்கே இடமில்லை, இங்கே பிள்ளையில்லை. தேசிய பாடசாலை மத்திய அரசின்கீழும், ஏனையவை மாகாணத்தின்கீழும் இருக்க, சிறு பாடசாலைக்காகப் பேசுவார் அரியர். அதனை விட்டகன்றவர் வசதியுள்ளோர். எஞ்சியிருப்பவை கூலித்தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அன்று வாசலில் நிறுத்தப்பட்டோரின் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் இருப்பர். பாடசாலை மூடப்படின் முதலில் துன்புறுவோர் அவர்களே.

ஆகவே, வாலிபர் சங்கங்கள் செய்யத்தக்கன சிலவற்றை ஈண்டுக் கூறுவோம். முதலாவது, கணக்கெடுத்தல். நம் ஊரில் இன்று தொட்டிலிற் கிடக்கும் பிள்ளைகள் எத்தனை, முன்பள்ளியில் உள்ளோர் எத்தனை என்று வீடுதோறும் சென்று எழுதினால், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் முதலாம் வகுப்புக்கு வருவோர் தொகை தெரிந்துவிடும். இரண்டாவது, இரு பாடசாலைகளை இணைத்தே ஆகவேண்டுமெனின், எதனை எதனோடு, எவ்வாறு என்பதை ஊரார் கூடி ஆராய்ந்து, பிள்ளைகளின் போக்குவரவுக்கும் வழிசெய்த பின்னரே கல்வித் திணைக்களத்துக்கு உரைத்தல் வேண்டும். மூன்றாவது, பொருள். வெளிநாட்டு அன்பர்கள் அனுப்பும் பணம் பெருங்கல்லூரிகளின் மதிலுக்கும் வளைவுக்கும் செலவாகின்றது. அதில் ஒரு பங்கு சிறு பாடசாலையின் நூலகத்துக்கும் ஆங்கில, கணித வகுப்புகளுக்கும் நிரந்தர நிதியாக அமையட்டும். நான்காவது, சர்வகலாசாலை புகுந்த நம் இளைஞர் வாரத்தில் ஒரு மாலையை ஊர்ப்பிள்ளைகளுக்குக் கொடுத்தல்.

இவற்றுக்கெல்லாம் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்னும் வாயில் சட்டப்படி திறந்தேயிருக்கின்றது. அதன் கூட்டத்துக்குச் செல்வோர்தாம் குறைவு.

முதியோர் காணி கொடுத்தனர். அடுத்தவர் கட்டடம் கொடுத்தனர். அரசு வேதனம் கொடுக்கின்றது. நாம் கொடுக்கவேண்டியது சிந்தனையும் நேரமுமே. கோயிற் கும்பாபிஷேகத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே திட்டமிடும் நாம், அயலிலுள்ள பாடசாலைக்கும் அவ்வாறே திட்டமிடுவோமாக. அத்திட்டத்தில் இவ்வூரிற் பிறந்த எந்தப் பிள்ளையும் விடுபடாதிருக்கட்டும்.