ஒட்டப்படாத கடிதத்திலிருந்து கைத்தொலைபேசி வரை

2020 மார்ச் 20ஆம் திகதி கொரோனாத் தொற்றால் இலங்கையெங்கும் ஊரடங்கு வந்ததும், உளநல உதவி தேவைப்படுவோருக்கு எட்டக்கூடியதாகத் தொலைபேசிதான் எஞ்சியது. கொழும்புக்கு இது புதிதல்ல. 1953இல் லண்டனில் சாட் வாரா தொடங்கிய சமாரிட்டன்ஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு காட்டிய வழியில், சுமித்ரயோ கொழும்பில் 1974 முதல் இயங்குகிறது. வடக்கே வன்னியின் கதை வேறு. போரால் மூடிக்கிடந்த ஏ-9 பாதை 2002இல் திறக்கும்வரை, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பலருக்கு வெளியிலுள்ள உறவுகளின் செய்தி செஞ்சிலுவைப் படிவத்தில்தான் வந்தது. அதை ஒட்டி அனுப்ப முடியாது. குடும்பச் செய்தி தவிர வேறெதுவும் எழுதவும் முடியாது. பிறர் கண்ணில் படும் என்று தெரிந்தே சுகம் விசாரித்து, சுகம் சொல்லி முடித்த கடிதங்கள் அவை. தூரத்திலிருந்து வரும் சொல் அந்தரங்கமானது என்ற நம்பிக்கை அந்த மண்ணில் வேரூன்ற வாய்ப்பே கிடைக்கவில்லை. வன்னியில் தொலைவழி உளவளத்துணைக்கு இருக்கும் பெரிய தடை இதுதான் என்பேன். சிக்னல் அதற்கு அடுத்தபடிதான்.

2009இல் போர் முடிந்தபோது முள்ளிவாய்க்காலிலிருந்து மீண்டவர்கள் செட்டிகுளம் மெனிக்பாம் முதலான முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். தொகை சுமார் 2,80,000. அடுத்த ஆண்டு வன்னியைப் பற்றி எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், காயம் தனிமனிதரோடு நிற்கவில்லை, குடும்பமும் ஊரும் ஒருவரையொருவர் நம்பும் பழக்கமும் சேர்ந்தே சிதைந்தன என்று காட்டினார். நம்பிக்கையே புண்ணாகியிருக்கும் இடத்தில் முகம் தெரியாத குரலிடம் மனந்திறப்பது எளிதா? அன்றைக்கு வீடுவீடாகப் போய்ப் பேசும் பணியாளர்களே வேண்டியிருந்தார்கள். ஆனால் வடக்கில் தொண்டு நிறுவனங்கள் சனாதிபதி செயலணியின் அனுமதி பெறவேண்டியிருந்தது. கட்டடங்களுக்குக் கிடைத்த அனுமதி உளசமூகப் பணிக்கு இலகுவில் கிடைக்கவில்லை. அந்த இழப்பின் விலை பத்தாண்டு கழித்து, ஊரடங்கில் தெரிந்தது.

நேரில் போக முடியாதபோது தொலைபேசியும் இல்லாவிட்டால் என்ன கதி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மருந்து தீர்ந்துவிட்டதா, நித்திரை வருகிறதா என்று கேட்கும் ஓர் அழைப்பு உயிரைக் காக்கும். கிளினிக் வாசலில் ஊரார் கண்ணில் படவேண்டாம் என்பதும் சிறு விடயமல்ல. ஆனால் ஊராருக்கு மறைவது வீட்டாருக்கு மறையாது. இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு 550 சதுர அடி. ஊரடங்கில் குடும்பம் முழுவதும் அதற்குள் இருக்க, கைத்தொலைபேசி கணவனின் சட்டைப்பையில் இருந்தால், அடிவாங்கும் பெண் எந்த மூலையில் நின்று பேசுவாள்? காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில், பிள்ளைகளின் படங்களை மாட்டிய கொட்டகையில் உட்கார்ந்தது நீதி கேட்டு. அதே இடத்தில் ஒருத்தியின் அழுகைக்கு இன்னொருத்தி தோள் கொடுத்ததும் உண்டு. அதைக் கம்பி வழியாக அனுப்ப முடியாது. ஏற்கெனவே படலை திறந்து வந்து, முற்றத்தில் இருந்து பேசிப்போன ஒருவரின் குரலென்றால் தொலைபேசியும் பயன்படும். ஆகவே சுகாதார அமைச்சு தொலைபேசி இலக்கங்களை அறிவிப்பதோடு நிற்காமல், அப்படி வீடுவீடாகப் போகும் வெளிக்கள உளவளத்துணையாளர்களுக்கு நிரந்தர நியமனமும் போக்குவரத்துச் செலவும் கொடுக்கவேண்டும். அதுவும் அடுத்த தொற்று வருமுன்.