தோம்பும் உறுதியும்: யாழ்ப்பாணத்துக் குடிவழிகளைத் தேடுதல்

யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் வழியைப் பின்னோக்கித் தேட முற்படுபவர் முதலில் இடறுவது பெயரில்தான். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் என்ற ஒன்று இங்கே இல்லை. தகப்பன் பெயர் முன்னே நிற்கும், தன் பெயர் பின்னே வரும். அடுத்த தலைமுறையில் தன் பெயர் முன்னே ஏறிவிட, பழைய பெயர் உதிர்ந்துபோகும். பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் வழக்கமும் இதனோடு சேர்ந்துகொண்டால் வேலர் கந்தர், கந்தர் வேலர், மறுபடியும் வேலர் கந்தர் என்று பெயர்கள் ஊஞ்சலாடத் தொடங்கிவிடுகின்றன. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்று தலைமுறைக்கு அப்பால் போனவர்கள் மிகச் சிலரே.

பெயர் தவறவிடும் இழையைக் காணி பிடித்து வைத்திருக்கிறது என்பதையே நாம் இங்கு சொல்ல விரும்புகிறோம். குடாநாட்டில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் உண்டு. வளவு, கலட்டி, தோட்டம், வயல் என்று முடியும் அப்பெயர்கள் உடைமையாளர் மாறினாலும் உறுதிக்கு உறுதி மாறாமல் எழுதப்பட்டு வருகின்றன. ஆளைத் தேடுவதை விட்டுக் காணியைத் தேடினால் ஆட்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்பார்கள்.

இந்த எழுத்து வழக்கின் வேர் தோம்பில் இருக்கிறது. தோம்பு என்பது போர்த்துக்கேயரின் 'டோம்போ' என்ற சொல்லிலிருந்து வந்தது. லிஸ்பனிலுள்ள அவர்களது தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இன்றும் 'டோரே டோ டோம்போ' என்றே பெயர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய அவர்கள் வரி தண்டுவதற்காக ஊர்களையும் வருமானத்தையும் பதிந்தனர். அவற்றுள் 1645ஆம் ஆண்டுக்குரிய விபரங்களைக் கொண்டு போல் பீரிஸ் 1920இல் ஒரு நூல் வெளியிட்டார். 1658இல் வந்த ஒல்லாந்தர் இவ்வேலையை இன்னும் நுணுக்கமாகச் செய்தனர். காணிகளுக்கு ஒரு தோம்பு, குடும்பங்களுக்கும் அவர்கள் செய்ய வேண்டிய ஊழியத்துக்கும் இன்னொரு தோம்பு. இவற்றோடு கோவிற்பற்றுப் பள்ளிக்கூடங்களில் ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. ஒல்லாந்தருக்கு எங்கள் முன்னோர்மீது எந்த அக்கறையும் இருக்கவில்லை. யாரிடம் எவ்வளவு வரியும் எத்தனை நாள் ஊழியமும் பெறலாம் என்பதே அவர்கள் கேள்வி. ஆயினும் அந்தக் கேள்விக்கு விடையெழுதப் போய்த் தகப்பன், தாய், பிள்ளைகள் எல்லோரையும் எழுதி வைத்துவிட்டார்கள். இன்றும் சைவக் குடும்பங்களின் உறுதிகளில் காணியின் இருப்பிடம் இன்ன கோவிற்பற்று என்று குறிக்கப்படுவதைக் காணலாம். அந்தப் பற்றுக்கு உரிய கோவில் சிவன் கோவிலும் அன்று, பிள்ளையார் கோவிலும் அன்று. அந்நியரது தேவாலயப் பிரிவு அது.

தோம்பு ஆட்களைத் தந்தாலும் அவர்களுக்கிடையில் ஆதனம் எப்படிக் கைமாறியது என்பதை அறியத் தேசவழமைக்கே போக வேண்டும். நெடுங்காலம் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் இவ்வழமைகளைத் தொகுத்து ஒப்படைத்தார். அது தமிழாக்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டு ஒப்புதல் பெற்றது. பிரித்தானியர் 1806இல் அதற்குச் சட்ட வலு அளித்தனர். ஆதனத்தை அது மூன்றாகப் பிரிக்கிறது: முதுசொம், சீதனம், தேடியதேட்டம். ஆதிவழமையில் தகப்பனின் முதுசொம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன என்றும், போர்த்துக்கேயர் காலத்தில் இது கலந்து மாறிற்று என்றும் அந்தத் தொகுப்பே சொல்கிறது. கலந்த பின்னும் மகளுக்குக் காணி எழுதிக்கொடுக்கும் வழக்கம் நின்றுவிடவில்லை.

ஆராய்பவருக்கு இதனால் விளையும் நன்மை பெரிது. வாய்மொழி வம்சக் கதைகளில் பெண்கள் கரைந்துபோகிறார்கள். 'அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள்' என்பதோடு கதை முடிந்துவிடும். சீதன உறுதியில் அப்படி முடியாது. இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்ன காணியில் இத்தனை பரப்பு, அது தாய்க்கு எந்த உறுதியால் வந்தது என்பதெல்லாம் எழுதியாக வேண்டும். தாய், தாயின் தாய், அவள் தாய் என்று பெண்வழியில் பின்னோக்கிச் செல்லும் இத்தகைய பாதை தமிழ் நிலப்பரப்பில் வேறெங்கும் இவ்வளவு துலக்கமாகக் கிடைக்குமா என்பது ஐயமே.

உறுதியை வாசிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பலரும் உடைமையாளரின் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நாம் முதலில் பார்ப்பது எல்லைகளை. கிழக்கே இன்னாள், வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னார் பங்காளர், தெற்கே இன்னார் மனைவி என்று செல்லும் அந்த வரிகளில் வருபவர்கள் பெரும்பாலும் உடன்பிறந்தவர்களும் ஒன்றுவிட்டவர்களுமே. ஒரே வளவு பிள்ளைகளுக்காகத் துண்டாடப்பட்டிருப்பதுதான் காரணம். அடுத்துப் பார்க்க வேண்டியது பின்னங்கள். காணியைப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே கிணற்றுப் பங்கு தலைமுறைதோறும் சிறுத்துக்கொண்டே போகிறது. 1/24 என்ற பங்கு, நால்வருள் ஒருவருக்கு ஆறு பிள்ளைகள் என்பதாலும் வரலாம், மூவருள் ஒருவருக்கு எண்மர் என்பதாலும் வரலாம். அயல் உறுதிகளிலுள்ள பங்குகளையும் சேர்த்து முழுக் கிணற்றையும் மீளக் கட்டினால் எத்தனை பேர் பிறந்தார்கள் என்பது தெரிந்துவிடும். வம்சாவளியைக் கிணற்றுக்குள்ளிருந்து இறைப்பது என்று இதனை வேடிக்கையாகச் சொல்லலாம்.

தமிழகத்தார் உயில் என்பதை யாழ்ப்பாணத்தார் மரணசாதனம் என்பர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம், காணி உறுதிகள் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்று விதித்தது. மரணசாதனமும் அவ்வாறே, அல்லது நொத்தாரிசு இன்றேல் ஐந்து சாட்சிகளோடு. மரணசாதனத்தை விட அதைத் தொடர்ந்து நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் கோவையே நமக்கு அதிகம் பேசுகிறது. அங்கே உரித்தாளர் பட்டியல் இருக்கும், ஆதனங்களின் கணக்கு இருக்கும், கொடுத்த கடனும் வாங்கிய கடனும் இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர்களின் குடும்பங்களில் கடல் கடந்து வந்த அற்றோனித் தத்துவங்களும் இக்கோவைகளில் கிடக்கும். காணிப் பிரிவினை வழக்குகளிலோ வம்சாவளியே வழக்குரையோடு இணைக்கப்படுகிறது. தேடுபவருக்கு இது ஆயத்த உணவு போன்றது. ஆனால் வழக்கில் வெல்வதற்காக எழுதப்பட்ட வம்சாவளி அது. பங்கு கொடுக்க விரும்பாத ஒரு தம்பி அதில் பிறக்காமலே போயிருக்கக் கூடும். எதிர்த்தரப்பின் வம்சாவளியையும் பக்கத்தில் வைத்து வாசிக்காதவர் ஏமாறுவார்.

இவையெல்லாம் பழைமை விரும்பிகளின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் பெயர்ந்தபோது பலருடைய உறுதிகள் வீட்டோடு போயின. பத்தாண்டு ஆட்சி ஒருவருக்கு உரிமை தரும் என்ற பழைய சட்டவிதி, காணியைப் பார்க்கக்கூடப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராகத் திரும்பியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அக்கணக்கிலிருந்து நீக்கக் கோர இடமளிக்கும் விசேட சட்டம் 2016இல்தான் வந்தது. உறுதி ஒன்று எழுதப்பட்டால் ஒரு பிரதி காணிக்காரரிடமும் ஒன்று நொத்தாரிசிடமும் ஒன்று காணிப் பதிவகத்திலும் இருக்க வேண்டும். மூன்றும் கிடைக்காதபோதும் வழி முற்றாக அடைபடுவதில்லை. அயலவரின் உறுதி தப்பியிருந்தால் அதன் கிழக்கெல்லையிலோ மேற்கெல்லையிலோ நமது பாட்டியின் பெயர் இருக்கும்.

ஆனால் எல்லையில் பெயர் வருவதற்கும் காணி வேண்டும். காணியே இல்லாதிருந்தவர்களின் வழியை எங்கே தேடுவது? இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்து வம்சாவளி எழுதுவோர் பலரும் நாசூக்காகத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். தேசவழமைத் தொகுப்பில் அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. காணியோடும் நகையோடும் அவர்களும் சீதனமாகக் கொடுக்கப்பட்டனர், முதுசொமாகப் பங்கிடப்பட்டனர். இரு வேறு எசமானருக்குரிய அடிமைகள் மணந்தால் பிள்ளைகள் தாயின் எசமானருக்கு உரியவர் என்பது அவ்வழமை. ஒரு வீட்டில் பெண்வழி காணியைக் கொண்டுசென்றது. அதே வளவின் பின்புறத்தில் பெண்வழி அடிமைத்தனத்தைக் கொண்டுசென்றது. பிரித்தானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடிமைகளைப் பதிவுசெய்ய ஆணையிட்டு, 1844இல் அடிமைமுறையைச் சட்டத்தால் முற்றாக ஒழித்தனர். அதற்கு முற்பட்ட காலத்தில் அம்மக்களின் மூதாதையரைத் தேடுபவர், எசமான் குடும்பத்தின் சீதன உறுதியையும் மரணசாதனத்தையும்தான் திறந்தாக வேண்டும். உரித்தாளர் பட்டியலில் அவர்கள் இருக்கமாட்டார்கள். பக்கத்தைப் புரட்டி ஆதனக் கணக்குக்கு வர வேண்டும்.