களப்பெயர் முறைமை

இணையத்தில் ஒரு கணினியின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் ஏற்பாடு. துறையினர் இதை டி.என்.எஸ். என்பர். 

1970களில், இணையத்தின் முன்னோடியான அமெரிக்க ஆர்ப்பாநெட்டில் இருந்த கணினிப் பெயர்கள் அனைத்தும் ஒரே கோப்பில் அடங்கின. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதைப் பராமரித்தது. புதுக் கணினி வந்தால் மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் திருத்தி வெளியிடும் கோப்பை மற்றவர்கள் இறக்கிக்கொள்வார்கள். சில நூறு கணினிகள் வரை இது ஓடியது. எண்ணிக்கை ஏறியதும் கோப்பை இறக்குவதே சுமையானது. பலரிடம் இருந்த பிரதிகள் பழசாகிப்போயிருந்தன.

தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜான் போஸ்டல், கோப்புக்கு மாற்றாகக் கைவசம் இருந்த யோசனைகளைச் சமரசப்படுத்தும் வேலையைப் பால் மொக்காபெட்ரிஸிடம் கொடுத்தார். அவரோ அவற்றை ஒதுக்கிவிட்டுத் தாமே ஒரு முறையை வகுத்து, 1983 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 882, 883 என்ற இணைய நெறிமுறை ஆவணங்களாக வெளியிட்டார். 1987இல் இவற்றின் இடத்துக்கு வந்த 1034, 1035 இன்றும் அடிப்படை.

பெயரை வலமிருந்து படிப்பது இம்முறை. விக்கிபீடியா டாட் ஆர்க் வேண்டுமென்றால், 'ஆர்க்' யார் பொறுப்பு என்று எல்லாவற்றுக்கும் மேலிருக்கும் வேர் சர்வர் சொல்லும். விக்கிபீடியாவின் சர்வர் எது என்று ஆர்க்கின் சர்வர் சொல்லும். முகவரியைத் தருவது கடைசி சர்வர். முழுப் பட்டியல் எவரிடமும் இல்லை. ஒவ்வொரு விடையுடனும் அதன் ஆயுள் நொடிக்கணக்கில் வருகிறது; அதுவரை கேட்ட சர்வர் விடையை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து வருவோருக்குத் தானே சொல்லிவிடும். பாரம் தாங்குவதன் ரகசியம் இந்த நினைவுதான்.

பொறுப்பு இப்படிப் பரவினாலும் உச்சியில் வேர் ஒன்றே. பழைய யு.டி.பி. பொட்டலத்தின் 512 பைட் வரம்புக்குள் விடை அடங்க வேண்டியிருந்ததால் வேர் சர்வர்களின் பெயர்கள் 13 என நின்றன. இன்று அந்த 13 பெயர்களுக்குப் பின்னால் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் உள்ளன. வேர் யாருடையது என்ற கேள்வி 1998 ஜனவரியில் வெளிப்பட்டது: எட்டு வேர் சர்வர்களின் பொறுப்பாளர்களை, தம் கணினியிலிருந்து தரவைப் பெறும்படி போஸ்டல் கேட்டார், அவர்களும் மாறினார்கள். அமெரிக்க அரசு தலையிட, சில நாள்களில் எல்லாம் பழையபடி ஆனது. ஒரு தனிமனிதரின் மின்னஞ்சலுக்கு அவ்வளவு வலு இருந்தது! அதே ஆண்டில், களப்பெயர்களை நிர்வகிக்க ஐகான் அமைப்பு உருவானது.

தமிழ் எழுத்து வேரில் ஏறியது 2007இல். சோதனைக்காகச் சேர்த்த பதினொரு பெயர்களுள் 'பரிட்சை' ஒன்று. 2010இல் 'இலங்கை' என்ற நாட்டுக் களத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. சிங்கப்பூரும் இந்தியாவும் தத்தம் தமிழ்ப் பெயர்களைப் பெற்றன. உள்ளே இவை ரோமன் எழுத்துக் குறியீடாகவே சேமிக்கப்படுகின்றன.

2008இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி, சர்வர்களின் நினைவில் பொய் விடையை நுழைக்கும் வழியை அம்பலப்படுத்தினார். விடைகளுக்கு எண்மக் கையொப்பமிடும் டி.என்.எஸ்.செக் ஏற்பாடு அதன் பிறகே வேகம் பிடித்தது. வேர் மண்டலம் 2010 ஜூலையில் கையொப்பம் பெற்றது. கீழ்மட்டக் களங்களில் பெரும்பாலானவை இன்னும் பெறவில்லை.