கதவு எந்தப் பக்கம்?

நம் ஊர்ப் பேருந்துகளில் படிக்கட்டு இடப்பக்கம் இருப்பதைப் பற்றி நாம் யோசிப்பதேயில்லை. சாலையின் இடப்புறமாகச் செல்லவேண்டும் என்கிற விதி அந்தப் படிக்கட்டில் இருக்கிறது. ஓட்டுநர் வலப்பக்கம் அமர்ந்திருப்பதிலும் இருக்கிறது. சட்டத்தில் விதி மாறினால் இவை என்னவாகும்? இரு நாடுகளின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

சுவீடனில் 1955இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் இடப்புறப் போக்குவரத்தே தொடரட்டும் என்றனர். ஆயினும் 1963இல் நாடாளுமன்றம் வலப்புறத்துக்கு மாற முடிவெடுத்தது. கார்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே இடப்பக்கம் அமர்ந்து ஓட்டுபவை, அவற்றுக்குச் சிக்கலில்லை. பேருந்துகளுக்கோ கதவே எதிர்ப்பக்கம். ஆகவே ஏறக்குறைய ஆயிரம் புதிய பேருந்துகள் வாங்கப்பட்டன. பழையவை பலவற்றுக்கு வலப்பக்கமும் கதவு அமைத்தார்கள். 1967 செப்டம்பர் 3, ஞாயிறு அதிகாலை 4.50க்குச் சாலையிலிருந்த வாகனங்கள் நின்று, மெல்ல வலப்புறம் ஒதுங்கி, 5 மணிக்குப் புறப்பட்டன. மறுநாள் பதிவான 125 விபத்துகளில் உயிரிழப்பு ஏதுமில்லை. அச்சம் தந்த கவனம் சில காலம் நீடித்தது. 1969 வாக்கில் விபத்துகள் பழைய அளவுக்குத் திரும்பின.

பர்மா 1970இல், நெ வின் ஆட்சியில், அதே மாற்றத்தைச் செய்தது. ஆனால் அங்கே விதி மட்டுமே மாறிற்று, வண்டிகள் மாறவில்லை. பின்னாளில் வந்த பழைய ஜப்பானியப் பேருந்துகளும் இடப்புறச் சாலைக்கென்று செய்யப்பட்டவையே. ஓட்டுநர் சாலையோரம் அமர்ந்திருக்க, முன்செல்லும் லாரியைத் தாண்டுகையில் எதிரே வருவது அவர் கண்ணில் படாது. இடப்பக்கம் தலைநீட்டிப் பார்த்து உதவியாளர் குரல் கொடுத்தால்தான் அவர் முந்த முடியும். கதவு மாற்றப்படாத பேருந்திலிருந்து இறங்கும் பயணி நடுச்சாலையில் கால்வைத்தார்.

அந்த ஓட்டுநர்கள் விதியை அறியாதவர்கள் அல்லர், வலப்புறமாகவே சென்றார்கள். ஆனால் விதி எந்த உயிரைக் காக்க எழுந்ததோ, அந்தக் காப்பு வண்டியில் இல்லை. சுவீடனில் அரசு செலவிட்டு முடித்த வேலையைப் பர்மாவில் ஓட்டுநரின் செவியும் உதவியாளரின் கண்ணும் நாள்தோறும் செய்யவேண்டியிருந்தது.

விதி மீறும் ஓட்டுநரை நாம் கடிந்துகொள்கிறோம், அது முறைதான். அதற்கு முன், விதியைக் காப்பாற்றத்தக்க வண்டியை அவரிடம் கொடுத்திருக்கிறோமா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.