உலக வில்வித்தைப் போட்டி வளர்ந்த வரலாறு

ஆடுவோர் இல்லாமையால் மாத்திரம் ஒரு விளையாட்டு மங்குவதில்லை. ஆடுவோர் பலர் இருந்தும், ஆடும் முறையில் ஒற்றுமை இல்லையாயின் அது மங்கிவிடும். வில்வித்தைக்கு நேர்ந்த கதி இதுவே.

1900 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில் வில்வித்தை இடம்பெற்றது. 1904, 1908, 1920 ஆகிய ஆண்டுகளிலும் அது தொடர்ந்தது. ஆயினும், பெரும்பாலும் விழா நடந்த நாட்டின் வழக்கமே விதியாயிற்று. ஆங்கிலேயர் 100 யார் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி எய்தனர். பெல்ஜியரோ உயர்ந்த கம்பத்தின் உச்சியிற் செருகிய பொம்மைப் பறவைகளை வீழ்த்தினர். 1920 இல் அன்ற்வேர்ப் நகரிலே பெல்ஜியம், பிரான்ஸ், நெதர்லாந்து என்னும் மூன்று நாடுகளே போட்டியிட்டன. அதன்பின் அரை நூற்றாண்டு காலம் ஒலிம்பிக் அரங்கில் நாணொலி கேட்கவில்லை.

இந்நிலையை மாற்றும் முயற்சி 1931 இல் போலந்தின் லுவோவ் நகரில் தொடங்கிற்று. இன்று உக்ரேனில் லிவிவ் என வழங்கும் நகரம் அதுவே. போலந்து, பிரான்ஸ், சுவீடன், ஹங்கேரி, இத்தாலி, செக்கோசிலவாக்கியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஏழு நாட்டினர் அங்கு கூடிச் சர்வதேச வில்வித்தைச் சம்மேளனத்தை நிறுவினர். முதலாவது உலகப் போட்டியும் அந்நகரிலேயே திறந்தவெளியில் நடைபெற்றது.

அக்காலத்தில் ஒளிவீசிய வீராங்கனை போலந்தின் ஜனினா குர்கொவ்ஸ்கா ஆவார். 1939 இல் ஒஸ்லோவில் அவர் உலக வெற்றியை ஈட்டினார். அவ்வாண்டு செப்டெம்பரிலே அவர் தாய்நாட்டின் மீது போர் மூண்டது. வில்லாளர் மீண்டும் உலகப் போட்டிக்குக் கூடியது 1946 இலேதான். அடுத்த ஆண்டு பிராக் நகரில், எட்டாண்டுகள் கழிந்த பின்னரும், குர்கொவ்ஸ்காவே வெற்றி வாகை சூடினார்.

அதே பிராக் நகரில் 1957 இல் ஒரு பொதுமுறை நடைமுறைக்கு வந்தது. ஆடவர் 90, 70, 50, 30 மீற்றர் தொலைவுகளிலும், மகளிர் 70, 60, 50, 30 மீற்றர் தொலைவுகளிலும், ஒவ்வொன்றுக்கும் 36 அம்புகளாக மொத்தம் 144 அம்புகள் எய்தனர். நடுவட்டத்தைத் தைக்கும் அம்புக்குப் பத்துப் புள்ளிகள்; எனவே உச்ச அளவு 1440. இதனால் ஒரு நாட்டில் எய்தவரின் திறமையை மற்றொரு நாட்டில் எய்தவரின் திறமையோடு ஒரே தராசில் நிறுக்க முடிந்தது.

1959 முதல் இப்போட்டி ஈராண்டுக்கு ஒரு முறை நிகழ்ந்து வருகிறது. 1969 இல் அமெரிக்காவின் வலி போர்ஜில் முதன்முறையாக ஐரோப்பாவுக்கு வெளியே அது நடைபெற்றது. 1972 இல் மியூனிக் ஒலிம்பிக் விழாவுக்கு வில்வித்தை மீண்டபோது, அதே பொதுமுறையையே இருமடங்காக்கி 288 அம்புகள் எய்தனர். அமெரிக்கரான ஜோன் வில்லியம்ஸ் 2528 புள்ளிகள் பெற்றுப் பொற்பதக்கம் வென்றார்.

பின்னர் இருவர் நேருக்கு நேர் மோதும் முறை வந்தது. 1995 இல் கப்பிகள் பூட்டிய கூட்டுவில்லும் உலகப் போட்டியிற் சேர்ந்தது. 2023 இல் பேர்லினில் அவ்வில்லேந்திய இந்தியாவின் அதிதி சுவாமி, பதினேழாவது வயதிலே உலக வெற்றியாளரானார். ஏழு நாட்டினர் அன்று கூடி ஒப்புக்கொண்ட பொது விதியே, எந்நாட்டு இளையோரும் சமமாக நின்று எய்யும் வாய்ப்புக்கு வழி சமைத்தது.